எதிர்வீட்டு மாடிச் சன்னல்

கோட்டாறு,
14-6-1953

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

தேவகனி எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நானும் அம்மையும் சுகம். மழை தொடங்கிவிட்டதால் அம்மைக்கு முட்டுவலி வந்திருக்கிறது; காலை நீட்டி வைத்துக்கொண்டு லேஸ் பின்னுகிறாள். கொழும்புச் சாப்பாடு உங்கள் வயிற்றுக்கு இப்போதாவது ஒத்துக்கொள்கிறதா?

நான் பள்ளியில் நான்காம் பாரத்துக்கு வந்துவிட்டேன். ஒரு அதிசயத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நம் மாடியில் கருப்பட்டிப் பெட்டிகள் கிடக்கும் இருட்டறை இருக்கிறதல்லவா? அதன் சன்னல் பலகையில் ஒரு கணு உதிர்ந்து, பட்டாணி அளவு ஓட்டை விழுந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை மழைவிட்டு வெயில் அடித்தபோது உள்ளே போனேன். எதிர்ச் சுவரில் நம் தெரு முழுவதும் தலைகீழாகத் தொங்கியது! வானம் தரையில் கிடந்தது. மாட்டுவண்டி மேலே ஓடியது. குடை பிடித்து வந்த உபதேசியார் ஒரு கிண்ணத்தில் நிற்பவர்போல் போனார். ஓட்டைக்கு நேராக இருப்பதால் எதிரே சுந்தரராஜ் மாமா வீட்டு மாடி சுவரின் நடுவில் விழுகிறது. மற்றதெல்லாம் ஓரங்களில்.

எங்கள் டீச்சரிடம் கேட்டேன். ஒளி நேர்கோட்டில் செல்வதால் அப்படி என்றார்கள். இந்த அறையே ஒரு காமிராதானே, சித்தப்பா? சுவர் முழுக்கப் படத்தாள் ஒட்டினால் தெரு அதில் பதியுமா? உங்கள் ஸ்டூடியோவில் வேண்டாத தாள் இருந்தால் அனுப்புவீர்களா?

அம்மை உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு, ஓட்டையை விட்டு நகர மனமில்லாத
தேவகனி


கொழும்பு,
3-7-1953

என் அன்பு மகள் தேவகனிக்கு,

சித்தப்பாவின் ஆசீர்வாதம். இங்கே நான் சுகம். மைனியிடம் முட்டுக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தடவச் சொல்.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். பதியும். ஊருக்கு வரும் கடியப்பட்டணத்து ஆள் ஒருவர் கையில் ஒரு பார்சல் கொடுத்திருக்கிறேன். அதில் காலாவதியான புரோமைடு படத்தாள் சுருள் ஒன்று, ஹைப்போ உப்பு, ஒரு மூக்குக்கண்ணாடிச் சில்லு ஆகியவை இருக்கும். சில்லை ஓட்டையில் வைத்து ஒட்டு; படம் துலங்கும். சிவப்புக் காகிதம் சுற்றிய விளக்கில்தான் தாளைப் பிரிக்க வேண்டும். சுவரில் நான்கு தாள்களை ஆணியடித்து, ஒரு வாரம் அறையைத் திறக்காதே. பிறகு ஹைப்போவில் கழுவு. வெளிச்சம் கறுப்பாகவும் இருட்டு வெளுப்பாகவும் வரும். தாளில் தேங்காய் எண்ணெய் தடவி, அடியில் இன்னொரு தாள் வைத்து வெயிலில் காட்டினால் நேரான படம் கிடைக்கும்.

ஒன்றை நினைவில் வை. இந்தத் தாள் மெதுவாகப் பார்க்கும். நடந்து போகிறவர்களை அது கண்டுகொள்ளாது. நிற்பவற்றை மட்டும் எழுதிக்கொள்ளும்.

எதிர்வீட்டில் எல்லோரும் சுகம்தானே?

உன் சித்தப்பா
ஜான்ரோஸ்


கோட்டாறு,
26-7-1953

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் பார்சல் ஈரம்படாமல் வந்து சேர்ந்தது. நாங்கள் சுகம். எண்ணெய் தடவியதில் அம்மைக்குக் கொஞ்சம் தேவலை.

படம் வந்துவிட்டது! ஒரு திங்கள் தொடங்கி மறு திங்கள் வரை எட்டு நாள் வைத்தேன். நான்கு தாள்களையும் சேர்த்தால் அம்மையின் சேலை அகலம் இருக்கிறது. ஆனால் தெருவில் ஒருவருமில்லை, சித்தப்பா. எட்டு நாளில் எத்தனை பேர் போயிருப்பார்கள்! மீன்காரி, தபால்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், நான் உட்பட. எல்லோரையும் துடைத்து எடுத்தாற்போல் இருக்கிறது. அடிக்குழாய் இருக்கிறது, அடிக்கிறவர்கள் இல்லை. அம்மை ஒரே பார்வையில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“என்னட்டி இது? கொள்ளைநோய் வந்து செத்த ஊரு மாதிரி கெடக்கு. சுருட்டி வை.”

“செத்ததில்லம்மா, எல்லாரும் நடந்திட்டிருக்காவோ. அதான் தெரியல்ல.”

“நடக்கவன் தெரியமாட்டான்னா அது என்ன படம்? எனக்குப் பிடிக்கல்ல.”

ஒரு சந்தேகம். சுந்தரராஜ் மாமா வீட்டு மாடிச் சன்னலில் மட்டும் ஒரு கறை இருக்கிறது. ஆள் நிற்கும் உயரம். அந்தச் சன்னல் எப்போதும் சாத்திக் கிடப்பது; அங்கே யாரும் இருப்பதாகவும் தெரியவில்லை. நான் கழுவியதில் பிசகா?

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்
தேவகனி


கொழும்பு,
6-9-1953

தேவகனிக்கு,

சுகம். வேலை அதிகம், அதனால்தான் தாமதம்.

கறை ஹைப்போவால் வருவது. நன்றாகத் தண்ணீரில் அலசவில்லை. படத்தை யாருக்கும் காட்டாதே. இன்னொரு முறை, கூடுதல் நாள் வைத்துப் பார். கறை அதே இடத்தில் வந்தால் எழுது. வராவிட்டாலும் எழுது.

சித்தப்பா


கோட்டாறு,
4-10-1953

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நீங்கள் சுருக்கமாக எழுதியதால் காய்ச்சலோ என்று அம்மை கேட்கிறாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குக் காலாண்டுப் பரீட்சை முடிந்தது. கணக்கில் மட்டும் பயம்.

பதினெட்டு நாள் வைத்தேன். ஏழு குடம் தண்ணீரில் அலசினேன். அது கறை இல்லை.

பெண். சன்னல் திறந்திருக்கிறது. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலையைச் சற்றுச் சாய்த்து, நேராக நம் வீட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். முகம் புகைபோல இருக்கிறது. மூக்கும் வாயும் இருக்கும் இடத்தில் நிழல்தான். ஆனாலும் அவள் என்னைப் பார்க்கிறாள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. படத்தை மடக்கி வைத்தபின்னும் முதுகில் அந்தப் பார்வை இருந்தது.

நேற்று சனிக்கிழமை பூராவும் கீழ்ச்சன்னலில் உட்கார்ந்து எதிர்வீட்டை நோட்டமிட்டேன். சன்னல் ஒரு தரம்கூடத் திறக்கவில்லை. அப்படியானால் தெருவில் நடமாடிய அத்தனை பேரும் படத்தில் இல்லை. இல்லாத ஒருத்தி மட்டும் இருக்கிறாள்.

நீங்கள் காட்ட வேண்டாம் என்றதால் அம்மையிடம் படத்தைக் காட்டவில்லை. கேட்க மட்டும் செய்தேன்.

“எதிர்வீட்டு மாடியில யாரும்மா இருந்தது?”

அம்மையின் ஊசி நின்றது. “சுந்தரராஜுக்க தங்கச்சி. சத்தியபாய். அவ பினாங்குக்குப் போயி நாலு வருசம் ஆச்சு, நர்சு வேலைக்கு. ஒனக்கு எதுக்குட்டி அது?”

“சும்மாதான்.”

“சும்மாதான்னா சும்மா இரி. அந்தச் சன்னலப் பாக்கப்பிடாது.”

சத்தியபாய் அக்காளை எனக்கு லேசாக நினைவிருக்கிறது. ஞாயிறு பள்ளியில் எங்களுக்குப் பாட்டுச் சொல்லித் தந்தவள். சித்தப்பா, பினாங்கில் ஒருவர் இறந்துபோனால் இங்கே படத்தில் வருவார்களா? டீச்சரிடம் இதைக் கேட்க வெட்கமாக இருக்கிறது.

தேவகனி


கொழும்பு,
25-10-1953

என் மகள் தேவகனிக்கு,

பயப்படாதே. ஜெபம் செய்துவிட்டுத் தூங்கு. இறந்தவர்கள் மேல் வெளிச்சம் பட்டுத் திரும்புவதில்லை. தாளில் விழுந்தது வெளிச்சம்தான்.

உயிருள்ள ஒருவர் பதினெட்டு நாள் ஒரே இடத்தில் நிற்கவும் முடியாது. ஆனால் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து, ஒரே மாதிரி நிற்கலாம். எப்போது என்று கண்டுபிடிக்க வேண்டும். டெவலப்பர் பொடி அனுப்பியிருக்கிறேன். இதில் கழுவினால், தாளில் சில மணி நேரம் வெளிச்சம் பட்டாலே போதும். தகரத்தில் ஊசித்துளை போட்டு ஓட்டையைச் சிறிதாக்கு. ஒரு நாளுக்கு ஒரு தாள். காலை எட்டரைக்குத் திறந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும்போது மூடு. ஏழு நாளுக்கு ஏழு தாள். ஒவ்வொன்றின் பின்னாலும் கிழமை எழுது.

கம்பியைப் பிடித்திருப்பது எந்தக் கை? படம் இடம் வலம் மாறியிருக்கலாம், யோசித்து எழுது. அவள் மெலிந்திருக்கிறாளா?

சித்தப்பா


கோட்டாறு,
29-11-1953

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

அம்மை சுகம். நான் சுகம் என்று எழுதத் தயக்கமாக இருக்கிறது. இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

ஏழு தாள்களையும் கழுவினேன். திங்கள் முதல் சனி வரை ஆறு தாளிலும் சன்னல் சாத்தியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைத் தாளில் திறந்திருக்கிறது. அவள் நிற்கிறாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் படத்தின் எட்டு நாளில் ஒரு ஞாயிறு. இரண்டாவதில் மூன்று. அதனால்தான் முதலில் கறையாகவும் பிறகு ஆளாகவும் வந்தாள். ஞாயிறு ஒன்பது மணி தொட்டு பதினொன்று வரை நம் தெருவில் காக்கை குருவிதான் இருக்கும். எல்லோரும் ஆராதனையில். சுந்தரராஜ் மாமாவும் மாமியும் வாசலைப் பூட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போய் முன்வரிசையில் உட்காருவார்கள். அதனால் யாரும் பார்த்ததில்லை.

இன்று வயிற்றுவலி என்று பொய் சொல்லி வீட்டில் இருந்தேன். சன்னலைத் திறக்கத் தைரியம் வரவில்லை. இருட்டறைக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். சபைக் கோவில் மணி இரண்டாம் தரம் அடித்தது. தெரு காலியானது. கொஞ்ச நேரத்தில் சுவரில் சன்னல் கதவு சத்தமில்லாமல் திறந்தது. அவள் தலைகீழாக வந்து நின்றாள். பின்னல் மேல்நோக்கித் தொங்கியது. வெள்ளைச் சேலை. இரண்டு மணி நேரம் அவள் அசையவில்லை, நானும் அசையவில்லை. பாட்டுச் சத்தம் முடிந்து ஆசீர்வாதம் சொல்லும் நேரத்துக்கு ஒரு கை மெதுவாகக் கம்பிக்கு வெளியே வந்தது. மழையை ஏந்துவதுபோல உள்ளங்கையை விரித்தாள். பிறகு கதவு மூடிக்கொண்டது.

இடது கை. கண்ணாடி முன் நின்று பார்த்து உறுதி செய்துகொண்டேன். மிகவும் மெலிந்திருக்கிறாள்.

அவள் உயிரோடு இருக்கிறாள், சித்தப்பா. வெளியே பூட்டிய வீட்டுக்குள் இருக்கிறாள். யாரிடம் சொல்ல? சுந்தரராஜ் மாமா சபைக் கமிட்டியில் இருக்கிறார். நான் நான்காம் பாரம் படிக்கிறேன்.

தேவகனி


கொழும்பு,
20-12-1953

என் அன்பு மகளுக்கு,

நீ சாப்பிட வேண்டும். இது என் முதல் வேண்டுகோள்.

இரண்டாவது, இந்தக் கடிதத்தையும் எல்லாப் படங்களையும் மைனி கையில் கொடு. நான் அவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

சத்தியபாய் எழுதுவதும் இடது கையால்தான். 1949 ஆவணியில் சபையில் அவளுக்குக் கலியாண ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் எழுந்து சொல்லலாம். நீ பிள்ளைகளோடு ஞாயிறு பள்ளியில் இருந்திருப்பாய். இரண்டாம் ஞாயிறு மணப்பெண்ணே எழுந்து நின்றாள். “எனக்கு ஆட்சேபணை உண்டு. நான் வேறொருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்” என்றாள். யாருக்கு என்று சபைப் போதகர் ஐயர் கேட்டார். அவள் என் பக்கம் திரும்பி, காத்திருந்தாள்.

நான் ஆண்கள் பக்கம் நான்காம் வரிசையில் இருந்தேன். எழுந்திருக்கவில்லை. சுந்தரராஜ் என்னைப் பார்த்தார். நான் பாட்டுப்புத்தகத்தைப் பார்த்தேன். அவள் எவ்வளவு நேரம் நின்றாள் என்று எனக்குத் தெரியாது. அடுத்த மாதம் கப்பலேறினேன். அவள் பினாங்குக்குப் போய்விட்டதாக ஊரிலிருந்து செய்தி வந்தது. நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது.

இப்போது வருவதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும். எழுதிப் போட்டிருக்கிறேன், மாதங்கள் ஆகும். அதுவரை அவள் அங்கே இருக்கக் கூடாது. மைனி, நீங்களும் அன்று சபையில் இருந்தீர்கள். உங்களைக் கேட்க எனக்கு முகமில்லை. கேட்கிறேன்.

ஜான்ரோஸ்


கோட்டாறு,
11-1-1954

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். அவள் வெளியே வந்துவிட்டாள். இதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும்.

உங்கள் கடிதத்தை அம்மை இரண்டு நாள் மடியிலேயே வைத்திருந்தாள். பிறகு படங்களைக் கொண்டுவரச் சொன்னாள். லேஸின் துளைகளைப் பார்க்கிற கண்ணால் வெகுநேரம் பார்த்தாள். “அண்ணைக்கு உக்காந்திருந்தது ஒன் சித்தப்பா மட்டும் இல்ல மக்கா, நாங்க எல்லாருந்தான்” என்றாள். அப்புறம், “இத ஒட்டி ஒண்ணாக்கு. மாவுப்பசை காச்சித் தாறேன்.”

நேற்று ஞாயிறு. கடைசி ஜெபத்துக்கு முன்னே நாங்கள் இருவரும் எழுந்து வந்து, பெரிய படத்தை நம் வீட்டு முன்சுவரில் நான்கு மூலையிலும் ஆணியடித்துத் தொங்கவிட்டோம். சபை விட்டு எல்லோரும் தெருவுக்குள் வந்தார்கள். முதலில் சிரிப்புதான்.

“ஏ, இது நம்ம தெருவுல்லா! ஏட்டி தேவகனி, நீயா எடுத்த?”

“ஆளு எங்க போச்சு? நம்ம ஊரு எப்பம் இப்பிடி வாய் பொத்திக் கெடந்துச்சு?”

“ஒம்ம வீடு இருக்கு ஓய், நீருதான் இல்ல.”

“நல்லதாப் போச்சுண்ணு ஒம்ம வீட்டுக்காரி சொல்லுகா!”

தையல்கடை ராஜமணி அக்காள்தான் முதலில் விரலை நீட்டினாள். “எல்லாரும் இல்ல. ஒருத்தி நிக்கியாளே. அது யாரு வீட்டு மாடி?”

சிரிப்பு ஓரத்திலிருந்து அணைந்துகொண்டே வந்தது. ஒவ்வொருவராகப் படத்திலிருந்து திரும்பி எதிர்வீட்டு மாடியைப் பார்த்தார்கள். நாங்கள் சீக்கிரம் வந்த ஓசையில் அவள் உள்ளே போயிருக்க வேண்டும், கதவு சாத்தியிருந்தது. சுந்தரராஜ் மாமா கையில் வேதப்புத்தகத்தோடு தெருநடுவில் நின்றார்.

“சின்னப்பிள்ளைக்க வெளையாட்டு. அதுக்கு இப்பிடிக் கூட்டமா? போங்க, அவங்கவங்க வேலையப் பாருங்க.”

“மாடிச் சாவியக் குடுங்க அண்ணாச்சி,” என்றாள் அம்மை.

“அவளுக்குப் புத்தி சுகமில்ல. சபையில வச்சு என் மானத்த...”

“புத்தி சுகமில்லாதவளா ரெண்டு மணிநேரம் ஆடாம அசையாம நிப்பா? சாவி.”

அம்மை கையை நீட்டியபடியே நின்றாள். முட்டுவலிக் காலில் அவ்வளவு நேரம் அவளால் நிற்க முடியும் என்று எனக்குத் தெரியாது. ராஜமணி அக்காள் பக்கத்தில் வந்து நின்றாள். பிறகு இன்னும் ஆறேழு பெண்கள். ஒருவரும் பேசவில்லை. கடைசியில் மாமிதான் தாலிச்சரட்டில் கோத்திருந்த சாவியைக் கழற்றி, அவரைப் பார்க்காமல் அம்மை கையில் போட்டாள்.

சத்தியபாய் அக்காள் படியில் சுவரைத் தடவித் தடவி இறங்கி வந்தாள். வெயிலில் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கேட்ட முதல் கேள்வி: “எத்தனை பேரு இருக்காவோ?”

“தெருவே நிக்குடி,” என்றாள் அம்மை.

“எனக்குச் சத்தமே கேக்கல்லியே,” என்றாள்.

கீழ் அறையில் எங்களோடு இருக்கிறாள். ஏன் கத்தவில்லை என்று கேட்டேன். கத்தினால் பைத்தியம் என்று எழுதி வாங்கித் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் தள்ளிவிடுவதாகச் சொல்லியிருந்தார்களாம்.

உங்கள் கடிதத்தை அம்மை அவளிடம் கொடுத்தாள். படித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

தேவகனி


கொழும்பு,
14-2-1954

மகள் தேவகனிக்கு,

இன்று காலை கோவிலுக்குப் போனேன். நாலரை வருடத்தில் முதல் தடவை.

அனுமதிச் சீட்டு கைக்கு வந்துவிட்டது. ஏப்ரலில் வருவேன். அவள் என்னைப் பார்ப்பாளா? நீ கேட்டு எழுது. வேண்டாம் என்றால் அதையும் மறைக்காமல் எழுது. சுருள் மிச்சமிருந்தால் இன்னொரு படம் எடு. அந்தச் சன்னல் காலியாக இருப்பதை நான் பார்க்க வேண்டும். அதைப் பார்த்தால்தான் இங்கே எனக்குத் தூக்கம் வரும்.

மைனியின் பாதங்களுக்கு என் வணக்கம்.

ஜான்ரோஸ்


கோட்டாறு,
21-3-1954

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே மூன்று பேரும் சுகம். சத்தியபாய் அக்காள் அம்மையிடம் லேஸ் பின்னக் கற்றுக்கொள்கிறாள். இடது கைக்காரி என்பதால் அம்மை எதிரே உட்கார்ந்து சொல்லித் தருகிறாள். கஞ்சிக்குத் துவையல் கேட்கும் அளவுக்குத் தேறிவிட்டாள். மாடிக்கு மட்டும் வருவதில்லை.

நீங்கள் கேட்டபடி படம் எடுத்தேன். மிச்சமிருந்த நான்கு தாளையும் ஒரு முழு மாதம் வைத்தேன். சுந்தரராஜ் மாமா தை மாதமே குடும்பத்தோடு தம் கடையின் மாடிக்குக் குடிபோய்விட்டார். வீடு பூட்டிக் கிடக்கிறது. அந்தச் சன்னலில் குறுக்கே இரண்டு பலகை வைத்து ஆணியடித்திருக்கிறார்கள். அதைத் தினமும் என் கண்ணால் பார்க்கிறேன்.

படத்தில் பலகைகள் இருக்கின்றன. பலகைகளுக்கு முன்னால் அவள் நிற்கிறாள். இடது கை கம்பியில். முன்னைவிடத் தெளிவாக, முகமெல்லாம் தெரிய.

தாள் பழையது, கறை பழையது என்று உங்களைப்போல நானும் எனக்கே சொல்லிப் பார்த்தேன். இது புதிய தாள், சித்தப்பா. வெளிச்சமே படாத சுருளின் உள்பக்கத்திலிருந்து நான்தான் வெட்டினேன்.

யாரிடமும் மறைக்கக் கூடாது என்று முடிவெடுத்திருப்பதால் அவளிடமே கொண்டுபோய்க் காட்டினேன். அவள் ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு, ஊரிலிருந்து வந்த சொந்தக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“நான்தான்,” என்றாள்.

“நீங்க இங்கல்லா இருக்கிய அக்கா!”

“நாலரை வருசம் நின்னாச்சுல்லா மக்கா. எறங்கி வாண்ணு சொன்ன ஒடனே எல்லாமா எறங்கி வந்திரும்?”

பிறகு நீங்கள் கேட்டதைக் கேட்டேன். அவள் ஊசியை மறுபடி எடுத்தாள். பின்னலில் ஒரு வரிசை முடிந்தது. அவள் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன்:

“வரச் சொல்லு. ஆனா எதிர்ச் சன்னலப் பாத்து அவ்வோ நிக்கண்டாம். அங்க நிக்கியவ மன்னிக்கமாட்டா. நான் யோசிச்சுப் பாக்கியேன்.”

வெயில் ஏறிவிட்டது, குடை கொண்டு வாருங்கள்.

தேவகனி